வரைபடத்துக்குக் கூலி

வேலூரில் ஒருவர் வீட்டைக் கட்டி முடித்துவிட்டார் என்பதற்கு அடையாளம், வாசலில் பேவர் பிளாக் பதித்துவிட்டார் என்பதுதான். கையில் மிச்சமிருக்கும் காசு அங்கேதான் போய்ச் சேரும். சாம்பல், சிவப்பு என்று இரண்டு நிறத்தில் கல்லை அடுக்கி, சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு மண்ணை விட்டு, அதில் வரிசையாகக் குரோட்டன்ஸ், ஒரு மூலையில் போகன்வில்லா, வசதியுள்ளவர் என்றால் கொஞ்சம் கொரியன் புல். சித்திரை பிறந்ததும் அந்தக் கல், பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு பத்து மணி வரை வீட்டுக்குள் தள்ளும். 'இந்த ஊரில் மனிதன் இருப்பானா' என்று நாமே அலுத்துக்கொள்வோம். மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று நம் ஊரை மற்றவர்கள் கேலி பேசுவது போதாதென்று, அந்தக் கேலியை வாசல் வரைக்கும் கொண்டுவந்து பதித்து வைத்திருக்கிறோம்.

சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. வீடு மேற்குப் பார்த்தது. முன்னால் 30 அடி அகலம், 18 அடி நீளத்துக்குத் திறந்த இடம். மேலே ஒரு சாண் செம்மண், அதன் கீழே கடப்பாரை பட்டால் பொறி பறக்கும் சரளை. நிலத்தடித் தொட்டியான சம்ப்புக்குப் போகும் குழாய் உடைந்து, பழைய சிமென்ட் தளத்தைப் பெயர்க்க வேண்டி வந்தது. மறுபடியும் பூசுவதா, பிளாக் பதிப்பதா என்று பேச்சு எழுந்தபோது என் மனைவி இரண்டும் வேண்டாம் என்றாள். "மண்ணாகவே இருக்கட்டும். இந்த வெயிலில் தானாக நிற்கிற செடியாகப் பார்த்து வையுங்கள்." செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள் என்பதால் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

தானாக நிற்கிற செடி என்றால் இந்த மண்ணிலேயே பிறந்த செடி. அதுவரைக்கும் யாருக்கும் தெரியும். எதை, எங்கே, எவ்வளவு இடம் விட்டு, எந்த மாதத்தில் வைப்பது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். நர்சரிக்காரர் ஒருவர் வந்து, கேட்டைத் தாண்டி உள்ளே வராமலேயே, "நூற்றைம்பது செடி பிடிக்கும் சார்" என்றார். செடி விற்கிறவரே தோட்டத்தையும் வரைந்து கொடுத்தால் படத்தில் செடி கூடுதலாகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்கென்றே படித்தவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியில் லேண்ட்ஸ்கேப்புக்கு முதுநிலைப் படிப்பே நடக்கிறது. அப்படிப்பட்டவர்கள் 540 சதுர அடிக்காகக் காட்பாடிக்கு ரயில் ஏற மாட்டார்கள். ஏறினாலும் அவர்களுக்குக் கொடுக்க நமக்குக் கட்டாது.

தெரிந்தவர் மூலமாக ஒரு மாணவியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எம்.எஸ்ஸி. தாவரவியல் இரண்டாம் ஆண்டு. ஊர் ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலையின் அடிவாரம். விடுமுறையில் மலையோரத்துச் செடிகளைப் படம் பிடித்து, பெயரெழுதி, தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கிற பெண். கையில் ஓரளவு படம் வரையவும் வரும். தகவல் சொன்னவர் ஒரு யோசனையும் சேர்த்துச் சொன்னார்: "படிக்கிற பெண்தானே? காசெல்லாம் கொடுக்க வேண்டாம். ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுங்கள், புராஜெக்ட்டில் சேர்த்துக்கொள்வாள்."

எனக்கு எரிச்சல் வந்த இடம் இதுதான். கொத்தனாருக்கு நாள் கூலி ஆயிரம் ரூபாய் என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்து வைக்கிறோம். செம்மண் டிராக்டருக்கும் மண் வெட்டுகிற ஆளுக்கும் பேரம் பேசியாவது கொடுத்துவிடுகிறோம். யோசித்து, அளந்து, தாளில் போட்டுத் தருகிறவருக்கு மட்டும் 'ஒரு தாள்தானே' என்போம். நான் வாழ்நாளெல்லாம் ஆவண எழுத்தராகப் பிழைத்தவன். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே காது புளித்துவிட்டது. அரை மணி நேரத்தில் எழுதிய தாளுக்கா இவ்வளவு என்று கேட்டு, வேறு யாரிடமோ அரைக் காசுக்கு எழுதி, நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் கிழக்குக்கு மேற்கு மாறிப்போய், சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் வருடக் கணக்கில் வாய்தா வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தாளில் இருக்கிற தப்பைத் தாளிலேயே அழித்துவிடலாம். தரையில் வந்துவிட்டால் கடப்பாரை வேண்டும்.

அந்தப் பெண் முதல் முறை வந்தபோது தனியாக வரவில்லை. அப்பாவும் கூட வந்திருந்தார். முன்பின் தெரியாத வீட்டுக்கு மகள் வேலைக்குப் போகிறாள் என்றால் எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வார். கொஞ்சம் நிலம், கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிறவர், ஆடும் வைத்திருக்கிறார். வீட்டையும் எங்களையும் பார்த்து அவருக்கு மனம் நிறைந்தது. என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நான் பழக்க தோஷத்தில் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு 20 ரூபாய் முத்திரைத்தாளை எடுத்து வைத்தேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பத்திரமெல்லாம் எதற்கு சார்? பாப்பா படிக்கிற பிள்ளை. கையெழுத்தெல்லாம் வேண்டாம். சும்மாவே வரைந்து கொடுக்கட்டும்" என்றார். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்தவர்களின் கதை இல்லாத கிராமம் வட ஆற்காட்டில் எது? பாதிக் கதைகளில் எழுதினவன் என்னைப் போன்ற ஒருவன்தான். முத்திரைத்தாளை உள்ளே வைத்துவிட்டு, மகளின் நோட்டிலிருந்தே இரண்டு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கினேன். எழுதியதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஆளுக்கு ஒன்று.

அதில் இருந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம். மொத்தம் 12,000 ரூபாய், மூன்று தவணை: இடத்தை அளந்து குறிப்பு எடுத்ததும் 4,000, படமும் செடிப் பட்டியலும் கைக்கு வந்ததும் 4,000, நட்டு முடித்து மழைக்காலம் கழிந்ததும் 4,000. படத்தை இரண்டு முறை திருத்தச் சொல்லலாம். அதற்கு மேல் என்றால் தனிக் காசு. படம் எங்களுக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. வேலை தேடும்போது காட்டிக்கொள்ளலாம். பரீட்சை சமயத்தில் நாங்கள் கூப்பிடக் கூடாது. செடியும் மண்ணும் கூலியாளும் எங்கள் செலவு. பஸ் செலவையும் எழுதப் போனேன். "டவுன் பஸ்ஸில்தானே சார் வருவேன், டிக்கெட்டே கிடையாதே" என்று சிரித்தாள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம் என்பது ஆண்பிள்ளைக்கு நினைவில் நிற்பதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, வருகிற நாளில் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று எழுதினேன். தொகையைக் கேட்டு மிரண்டவர் அவள் அப்பாதான். ஒரு நல்ல கிடாவின் விலையைத் தாளில் கோடு போடுகிறதற்குக் கொடுப்பார்களா என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்ட முதல் காரியம், அக்னி நட்சத்திரத்தில் வந்து பார்க்க வேண்டும் என்பது. மழை விழுந்து எல்லாம் பச்சையாக இருக்கும்போது வரலாமே என்றேன். "அப்போது எல்லா இடமும் நன்றாகத்தான் சார் இருக்கும். மோசமான மாதத்தில் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் வரைய முடியும்" என்றாள். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. அந்த வெயிலில், துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, காலை எட்டு மணிக்கும் பகல் ஒரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். நான் அந்த வீட்டிலேயே இருக்கிறவன். மூன்று மணிக்கு மேல் என் அம்மாவின் அறை ஜன்னல் மேல் நேராக வெயில் அடிக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வெயில் ஜன்னலுக்கு வருவதற்கு முன் தரையில் எந்த வழியாக நடந்து வருகிறது என்பதைக் கோடாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு கேள்விகள். வண்டி எங்கே நிற்கும்? காஸ் சிலிண்டர்க்காரர் எந்தப் பக்கமாக வருவார்? மின்சார மீட்டர் பார்க்க வருகிறவருக்கு வழி வேண்டும் அல்லவா? சம்ப் மூடியை எத்தனை நாளைக்கு ஒரு முறை திறப்பீர்கள்? கோலம் எவ்வளவு பெரிதாகப் போடுவீர்கள்? வீட்டில் விசேஷம் வந்தால் பந்தல் கால் எங்கே ஊன்றுவீர்கள்? செடியைப் பற்றிப் பேச வந்தவள் செடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்கிறாளே என்று என் மனைவி உள்ளே வந்து சொன்னாள். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. நல்ல பத்திரம் எழுதுகிறவனும் முதலில் நிலத்தைக் கேட்க மாட்டான், வழியைத்தான் கேட்பான்.

அடுத்தது தண்ணீர். வேலூருக்கு ஆண்டுக்குச் சுமார் 900 முதல் 1,000 மில்லிமீட்டர் மழை. கடற்கரை ஊர்களைப் போல ஐப்பசி, கார்த்திகையை மட்டும் நம்பியிருக்கும் ஊர் அல்ல இது; ஆடி, ஆவணி மாலைகளில் இடியோடு கொட்டுவதும் நம் கணக்கில் பெரிய பங்கு. கொட்டுவது அரை மணி நேரம், ஓடிப்போவது பத்து நிமிடம். மழைநீர் சேகரிப்பு 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமானபோது நாங்களும் ஒரு குழியைத் தோண்டி ஜல்லி போட்டு மூடினோம், அதோடு மறந்தும் போனோம். மாடி 1,000 சதுர அடி என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கே 900 லிட்டருக்கு மேல் இறங்கும் என்று அவள் நோட்டில் போட்டுக் காட்டினாள். அது அத்தனையும் குழாய் வழியாகக் கேட்டுக்கு வெளியே தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு அவள் வைத்த வழி ஒரு பள்ளம். வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி, நிலம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் கேட் பக்கத்து மூலையில், 8 அடி நீளம், 5 அடி அகலம், முக்கால் அடி ஆழம். ஓரங்களைச் சாய்வாக விட்டாலும் 600 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். மாடிக் குழாய் அதில் வந்து விழும். நிரம்பி வழிவது பழைய சேகரிப்புக் குழிக்குப் போகும். பள்ளத்துக்குள் வெட்டிவேரும் நொச்சியும். இரண்டுமே ஆற்றோரத்திலும் ஓடைக்கரையிலும் வளர்ந்து பழகியவை. காலடியில் தண்ணீர் நின்றாலும் தாங்கும், பிறகு மாதக் கணக்கில் காய்ந்தாலும் தாங்கும். கொசு வருமே என்றேன். ஓரடிக் குழி தோண்டி வாளித் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பார்த்தாள். சரளை மண் அல்லவா, மதியச் சாப்பாடு முடிவதற்குள் குழி காலி. முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு ஒரு வாரத்தை ஒட்டி ஆகும். ஒரு நாளில் வற்றிவிடும் பள்ளத்தில் அதற்கு வழியில்லை. கொசுவுக்குப் பயந்தால் முதலில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செடிப் பட்டியல் வந்த அன்று வீட்டில் பஞ்சாயத்து. தலைமை என் அம்மா. பட்டியலில் எருக்கு இருந்தது. கருப்புக் கரை போட்ட ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது பெரும்பாலும் எருக்கில்தான் என்று அந்தப் பெண் விளக்கினாள். அம்மா கேட்ட கேள்விக்கு அறிவியலில் பதில் இல்லை: "வீட்டில் எருக்கு முளைக்க என்று சபிப்பார்கள். அதை நீ காசு வாங்கிக்கொண்டு வைக்கிறாயா?" அவள் வாதாடவில்லை. "சரி பாட்டி, அது தெருமுனை மின்கம்பத்தடியிலேயே நிறைய இருக்கிறது. பூச்சிக்கு அதுவே போதும்" என்று அடித்துவிட்டாள். அடுத்தது காரையும் களாவும். வாசலில் முள் ஆகாது. அவையும் போயின. களா போனதில் எனக்கு வருத்தம்தான், ஊறுகாய் நினைப்பு.

கனகாம்பரம் பட்டியலில் இருந்ததைக் கேட்டதும் அம்மா சமாதானமானாள். அது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான செடி என்பது எனக்குப் புதிய செய்தி. அதைவிடப் புதிய செய்தி, காலமெல்லாம் நம்முடையது என்று நினைத்திருந்த நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது என்பதும், சிவன் கோயிலில் நாம் கும்பிட்டு நிற்கும் நாகலிங்க மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா என்பதும். அதற்காக அவள் எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. அம்மாவின் பூஜைக்கு இருக்கும் செம்பருத்தியை இருந்த இடத்திலேயே படத்தில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். தானாகப் பரவி மற்றதை அழிப்பதைத்தான் அவள் விடவில்லை. பார்த்தீனியம், உண்ணிச்செடி, வேலியோரம் தலைநீட்டிய சீமைக் கருவேலம் மூன்றும் வேரோடு போக வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். நாட்டுச் செடி என்று பேசுகிறவர்களில் பலருக்கு இந்த நிதானம் கிடையாது, மேடையேறிவிடுகிறார்கள்.

அவள் அப்பா இரண்டாம் முறை வந்தபோது பட்டியலை வாங்கிப் பார்த்தார். தெருவில் ஆடும் மாடும் திரிவதை வரும் வழியிலேயே கவனித்திருக்கிறார். ஒவ்வொரு பெயராக மகளைப் படிக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னார். ஆடாதோடை, வாய் வைக்காது. நொச்சி, தொடாது. ஆவாரை, பசித்தாலொழிய சீந்தாது. துத்தி, ஒரே நாளில் மொட்டை. மகள் பேனாவை எடுத்துத் துத்தியைக் கேட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே மாற்றினாள். கல்லூரியில் படித்ததும் ஆட்டின் பின்னால் நடந்து அறிந்ததும் ஒரே தாளில் சேர்ந்த அந்த நிமிடத்துக்கே நான் 12,000 கொடுத்திருப்பேன்.

ஆவாரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தின் நடுவில் ஐந்து ஆவாரை. பொங்கலுக்குச் சந்தையில் கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிற பூவை யாராவது வாசலில் நட்டுவைப்பார்களா என்று தெருவே கேட்டது. நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு இந்தச் செடியோடு பழைய கணக்கு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் பதனிட்டார்களே, குரோமியம் வருவதற்கு முன் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம் பட்டைதான். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தோலுக்கு அந்த நிறத்தைக் கொடுத்தது அது. பிறகு வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டை வந்தது, குரோமிய உப்பு வந்தது, கழிவு ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். மாசுபடுத்தினவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில் நீதிமன்றம் சொன்னது. ஆவாரை மட்டும் இதெல்லாம் நடந்ததே தெரியாததுபோல நெடுஞ்சாலை ஓரத்தில் மஞ்சளாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது.

படம் வந்தது. கிராஃப் தாளில், ஒன்றுக்கு ஐம்பது அளவில், பென்சிலால் வரைந்து மையால் இழுத்தது. அம்மாவின் ஜன்னலுக்கு எதிரே ஒரு வெட்பாலை. பெரிதாக வளராத மரம், சம்ப்பை வேரால் நெருக்காது, மாசியில் இலை கொட்டினாலும் வெயில் உச்சிக்கு வருவதற்குள் துளிர்த்துவிடும். ஆவாரைக்கு நாலு நாலு அடி இடைவெளி. பள்ளத்தின் மேல் ஓரத்தில், கொரியன் புல்லுக்குப் பதிலாகத் தரையில் படரும் பொடுதலை. கேட்டிலிருந்து படி வரை மூன்றடி அகலத்துக்கு ஒன்றுமே இல்லாத வழி, படிக்கு முன்னால் கோலத்துக்கு ஆறடிச் சதுரம். எல்லா வட்டமும் செடி முழுதாக வளர்ந்த அளவு. ஆகவே நடும்போது பார்த்தால் பாதி இடம் மொட்டையாக இருக்கும். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "பன்னிரண்டாயிரம் கொடுத்து வெற்று மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதா?" என்றாள்.

இந்த வேலையில் காசு கொடுப்பதற்கு மனம் வராத பகுதி இதுதான். நர்சரிக்காரர் நூற்றைம்பது செடியை நெருக்கி வைத்து, ஒரே வாரத்தில் தோட்டம் போலக் காட்டியிருப்பார். இரண்டு வருடத்தில் ஒன்றை ஒன்று நெரித்து, பாதியை வெட்டி, அவரிடமே மறுபடியும் வாங்கியிருப்போம். அந்தப் பெண் இடைவெளியில் தும்பையும் கிலுகிலுப்பையும் விதைத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு பருவம் பூத்துத் தானே போய்விடும், அதற்குள் பெரிய செடி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காலியாக விடு என்று சொல்லத் தைரியம் வேண்டும். செடிக்குக் கமிஷன் வாங்காதவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும்.

கொத்தனார் வந்தார். படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வாசலில் பள்ளம் ஆகாது சார். ரப்பிஷ் போட்டு மட்டம் பண்ணிவிடுகிறேன்." அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவள் எதைச் சொன்னாலும் அவர் பதிலை எனக்குச் சொன்னார். "படம் அவளுடையது. எது கேட்பதானாலும் அவளைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது வேறு விஷயம். இரண்டு பேரும், மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாடிக் குழாயின் வாயிலிருந்து பள்ளத்துக்கு வாட்டம் இருக்கிறது, கேட்டுக்கு இல்லை என்று தண்ணீரே காட்டியபோது அவர் தலையைச் சொறிந்தார். அதன் பிறகு சாய்வை அவர் செதுக்கிய அழகை அவள் படத்தில்கூடப் போட்டிருக்க முடியாது.

செடி சேர்ப்பது லேசாக இல்லை. வனத்துறை நாற்றங்காலில் மரக்கன்று கிடைக்கும். ஆவாரையும் பொடுதலையும் யாரும் கன்றாக வைத்திருப்பதில்லை, விற்காதே. மலையிலிருந்து பிடுங்கி வரலாமா என்று கேட்ட என் மைத்துனருக்கு, காப்புக்காட்டில் ஒரு செடியைப் பெயர்த்தாலும் வனச் சட்டத்தில் குற்றம் என்று அவள் பாடம் நடத்தினாள். ஆவாரை விதை சாலையோரத்திலிருந்து வந்தது. ஓடு கெட்டியான விதை; உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு தேய்த்து, ராத்திரி தண்ணீரில் போட்டு, காலையில் உப்பியதை மட்டும் எடுத்தாள். ஆணிவேர் ஆழமாக இறங்குகிற செடி, பிடுங்கி நட்டால் பிழைப்பது சந்தேகம் என்பதால் நிற்க வேண்டிய இடத்திலேயே விதைத்தோம். நொச்சி அவள் அப்பாவின் ஓடைக்கரையிலிருந்து போத்தாக, அதாவது வெட்டிய கிளையாக, வந்தது. பொடுதலை ஏரிக்கரையில் ஒரு பை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பதற்கு ஏற்றபடி முதல் மழை விழுந்த வாரத்தில் எல்லாம் மண்ணுக்குள் போயிற்று.

படத்தோடு அவள் ஒரு காலண்டரும் கொடுத்திருந்தாள், தமிழ் மாதக் கணக்கில். சித்திரையில் பொடுதலை கருகும், பயப்பட வேண்டாம், பிடுங்க வேண்டாம், ஆடியில் திரும்பி வரும் என்று அதில் எழுதியிருந்தது. அப்படியே கருகியது, அப்படியே வந்தது. கடைசிப் பக்கம் முழுக்கச் செய்யக் கூடாதவை: சருகைக் கூட்டி எரிக்கக் கூடாது, யூரியா போடக் கூடாது, ஆவாரை இலையில் புழு பார்த்தால் மருந்து அடிக்கக் கூடாது.

புழு வந்தது. இலைக்காம்பின் நிறமே உடம்பு. பக்கவாட்டில் ஒரு வெளிர்கோடு, அதையொட்டிக் கடுகுக்கும் சிறிதாகக் கரும்புள்ளிகள். நடுநரம்பின் மேல் அது நீளவாக்கில் ஒட்டிக்கொண்டால் விரல் பட்டால்தான் உண்டு என்று தெரியும். ஒரு செடியில் ஈர்க்கு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிட்டன. அம்மா வேப்பெண்ணெயைக் கரைத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். காலண்டரின் கடைசிப் பக்கத்தைக் காட்டித் தடுத்தோம். சில நாளில் புழுவைக் காணோம், பச்சை தோய்ந்த வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் தாழப் பறந்துகொண்டிருந்தன, மொட்டைச் செடி மறுபடி துளிர்த்தது. பூக்காலத்தில் வேறொரு காட்சி. பெருவிரல் பருமனுக்குக் கருவண்டு வந்து பூவைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சிறகை மடக்கி வைத்தபடியே உர்ரென்று ஓர் அதிர்வு கொடுக்கும். ஆவாரையின் மகரந்தம் நுனியில் துளை மட்டும் உள்ள பைக்குள் இருக்கிறது; உதறினால்தான் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை வராது. காபி டம்ளரோடு அதன் பக்கத்தில் நின்றால் டம்ளரில் அதிர்வு தெரிகிறது என்று என் மனைவி சத்தியம் செய்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

எதிர்வீட்டுக்காரர் பாம்பு வரும் என்றார். பாம்பு எலிக்கு வரும், எலி குப்பைக்கு வரும். எங்கள் வீட்டு வாசலில் மூன்றடி வழி வெறுமையாக இருக்கிறது, சருகு இருப்பது செடியடியில் மட்டும். அவர் வீட்டுப் பக்கத்து மனையில் கோழிக்கழிவு மூட்டை கிடக்கிறது. அதைப் பற்றி நான் பேச்செடுத்ததும் பாம்புப் பேச்சு நின்றுபோயிற்று.

மூன்றாம் தவணையைக் கார்த்திகையில் கொடுத்தோம். அவள் இப்போது படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள், இடையில் இந்த வேலையையும் எடுத்துக்கொள்கிறாள். தெருக்கோடி வீட்டுக்காரர் பேவர் பிளாக்கில் பாதியைப் பெயர்த்துவிட்டு அதே மாதிரி படம் வேண்டும் என்றார். எண்ணைக் கொடுத்தேன். அவரிடம் 18,000 கேட்டிருக்கிறாள். அவருடைய இடம் எங்களுடையதைவிடச் சின்னது. "உங்களுக்குப் பன்னிரண்டுதானே, கொஞ்சம் சொல்லிக் குறைக்கக் கூடாதா சார்? படிக்கிற பெண்தானே?" என்று என்னிடம் வந்து நின்றார். படிப்பு முடிந்துவிட்டது, விலையை அவளிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆடி நெருங்குகிறது.